காத்துக்கு அடி படாது

கேட்கப் போவதில்லை என்று சேப்பாக்கம் ஸ்டேஷன் படியேறும்போதே சுகிர்தா முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தவள் பிறகு எதற்காக இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள் என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் கைவசம் இருந்தது: இயர்போன் போட்ட பெண்ணிடம் யாரும் வந்து மணி என்ன என்று பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள், இது வெறும் தற்காப்பு. யாரும் கேட்கவில்லை. எதிராளி வாய் திறப்பதற்கு முன்பே அவன் சொல்லப்போவதற்கு மறுப்புத் தயார் செய்து வைத்துக்கொள்வது அவள் பழக்கம், எம்.ஏ. வகுப்பில் ஆரம்பித்தது, ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு வியாதியாகவே ஆகிவிட்டது, டிபார்ட்மென்டில் அவள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘அப்ஜெக்‌ஷன்’ என்று ஒரு பெயர் உண்டு. பறக்கும் ரயில் என்று இதற்குப் பெயர் வைத்தவனிடமும் அவளுக்குச் சண்டை இருந்தது, தூண் மேல் ஊர்ந்து போகிற ரயிலுக்குப் பறப்பு எங்கிருந்து வந்தது, ஆனால் இன்றைக்கு அந்தச் சண்டைக்குள் போக மனசில்லை. பெரிய கூடம் ஆளில்லாமல் கிடந்தது, ஏதோ திருவிழாவை நம்பி இத்தனை பெரிதாகக் கட்டிவிட்டு, திருவிழா வராமலே போய்விட்ட மாதிரி. எஸ்கலேட்டர் நின்றது நின்றபடி துருப்பிடித்திருந்தது. மேலே இரும்புச் சட்டங்களுக்குள் புறாக்கள் தொண்டைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தன. கையில் போன். போனுக்குள், காமிக்ஸ் போடுகிற மோகனரங்கம் சார் காலையில் அனுப்பிய ஒலித்துண்டு, இன்னும் கேட்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சைப் புள்ளியோடு. அதன் கீழே அவர் எழுதியிருந்தது: ‘கேட்டுப் பாருங்க சுகிர்தாம்மா. அசந்துடுவீங்க. சாயந்திரத்துக்குள்ள மும்பைக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். அம்மாவும் நீங்களும் சரின்னா போதும்.’ அசந்துடுவீங்களாம். செத்துப்போன அக்காவின் குரலை மெஷினில் வைத்துச் செய்து அனுப்பிவிட்டு, புதுப் பலகாரத்தை ருசி பார்க்கச் சொல்கிற மாதிரி அசந்துடுவீங்களாம்.

அக்கா பெயர் ஹெப்சிபா, வீட்டில் ஹெப்சி, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சுழலி. அந்தப் பிள்ளைகளுக்கு ஹெப்சி என்று ஒருத்தி இருந்ததே தெரியாது, அதுதான் டப்பிங் வேலையின் லட்சணம். எங்கேயோ வெளிநாட்டில் வரைந்த கார்ட்டூன், ஒரு பெண், சாம்பல் நிறப் போர்வை, இரண்டு கையையும் விரித்தாள் என்றால் காற்றாகிவிடுவாள், ஊரைச் சூறையாடுகிற அயோக்கியர்களை எல்லாம் சுழற்றி எறிவாள். மும்பை டிவிக் கம்பெனிக்காரர்கள் அதற்குச் சுழலி என்று பெயர் வைத்து, சாலிகிராமத்தில் ஒரு மாடியறையில் ஹெப்சியை மைக் முன்னால் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் முடிந்து சுகிர்தா நேராக அங்கேதான் போவாள், வீட்டில் தனியாக இருக்கப் பயம், அம்மா வேலையிலிருந்து வர இருட்டிவிடும். இருட்டறை, முட்டைத்தட்டு மாதிரிச் சுவர், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்கிற அக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர். படத்தில் இருக்கிறவள் வேறு பாஷைக்கு வாயசைக்கிறாள், அந்த வாயில் தமிழை உட்கார வைக்கணும். ‘லிப் உக்காரல ஹெப்சி, கடைசில வாய் மூடித் தொறக்குது பாரு, அங்க ஒண்ணு போடு’ என்பார் அவர். எழுதி வந்த வசனம் ‘காத்து வருது, ஒதுங்கு’ என்றுதான் இருந்தது. ஒதுங்கு என்று முடித்தால் படத்தில் வாய் மூடித் திறப்பது அநாதையாகத் தெரியும். ஹெப்சி யோசிக்கவே இல்லை, ‘ஒதுங்குப்பா’ என்றாள். உதடு மூடித் திறந்தது. அவ்வளவுதான் விஷயம், ஒரு வாயை மூடுவதற்காக ஒட்டவைத்த ஒரு ‘ப்பா’. அது ஊரெல்லாம் பரவியது, பஸ்ஸில் பையன்கள் கண்டக்டரைப் பார்த்து ஒதுங்குப்பா என்றார்கள், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த ஆட்டோ ஒன்றின் முதுகில் ‘காத்து வருது ஒதுங்குப்பா’ என்று எழுதியிருந்தது. ஹெப்சி அதைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தாள், ‘ஏய் சுகி, இவனுக்கு நான் யாருன்னே தெரியாதுடி’ என்றாள், அதில் வருத்தம் இருந்ததா என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை, இப்போது எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்த முகத்தில் சிரிப்பு மட்டும்தான் நிற்கிறது, மிச்சத்தை யாரோ அழித்துவிட்டார்கள்.

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் ஒரு பெண்மணி மடியில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பிளாட்பாரத்து ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், வேளச்சேரி செல்லும் வண்டி என்று சொல்லிக்கொண்டே இருந்தது, வண்டி கிளம்பிய பிறகும் யாரும் இல்லாத பிளாட்பாரத்தில் அது சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அந்த அம்மாள் யாரோ. என்றைக்கோ ஒரு நாள் போய்ப் பேசிக் கொடுத்திருப்பாள். இப்போது உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. இருந்தால், தான் பேசியதை நம்பி ஜனங்கள் ஓடி ஓடி வண்டி ஏறுகிறார்கள் என்று நினைத்துப் பார்ப்பாளா, இல்லை என்றால், அவள் வீட்டில் யாராவது இந்த ஸ்டேஷன் பக்கமே வராமல் பஸ்ஸில் போகிறார்களா. இப்படி யோசிக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாம் வைத்திருக்கிற வாதம் இது இல்லை. வாதம் சுத்தமானது, அதைப் பிசுபிசுப்பாக்கக்கூடாது. வாதம் என்னவென்றால், ஹெப்சி அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது அந்தந்த எபிசோடுக்கான குரல், குரலையே கொடுக்கவில்லை. பேசினது அவர்களுக்கு, பேசாதது அவளுக்கு. பேசாததை எடுப்பதற்கு எவனுக்கும் பாத்தியதை கிடையாது. இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. மத்தியானம் கேன்டீனில் பெனாசிரிடம் இதையே சொன்னபோது அவள், பக்கத்து டிபார்ட்மென்ட், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி, சமோசாவைப் பிய்த்தபடி, ‘உங்க வீட்டு ஹால்ல உங்கக்கா போட்டோ இருக்குல்லடி, சீரியல் பல்பு போட்டு? அதையும் கழட்டிடு அப்ப’ என்றாள். போட்டோ புதுசா ஒண்ணும் பேசாது என்றாள் இவள். ‘பேசினா என்ன, நல்லதத்தானே பேசப்போவுது. உனக்குச் சண்டை போட ஆள் கிடைக்கல, மெஷின் கிடைச்சிருக்கு.’ அது சண்டையில்லை பெனாசிர், அது கொள்கை. ‘சரி, கேட்டியா?’ இல்லை. ‘கேக்காமலேயே விமர்சனம் எழுதற ஒரே ஆளு நீதான்டி’ என்று சொல்லிவிட்டு அவள் இவள் தட்டிலிருந்த சமோசாவையும் எடுத்துக்கொண்டாள். பதில் சொல்லியிருக்கலாம். திருவல்லிக்கேணி தாண்டும்போது நல்ல பதில் ஒன்று வந்தது, யாரிடம் சொல்ல.

கீழே பக்கிங்ஹாம் கால்வாய் கறுப்பாக, ஓடுகிறதா நிற்கிறதா தெரியாமல், தூண்களின் நிழலைச் சுமந்துகொண்டு கிடந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெப்சியின் குரலில் என்னென்ன அவர்களிடம் இருக்கும் என்று எண்ணம் போயிற்று, போகாதே என்றால் நிற்கிற எண்ணமா. வசனங்கள் இருக்கும், சிரிப்பு இருக்கும், சுழலி பாட்டுப் பாடுகிற ஒரு எபிசோட் உண்டு, அது இருக்கும். ரியாக்‌ஷன் இருக்கும். சண்டைக் காட்சிக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள், அடி வாங்குகிற சத்தம், விழுகிற சத்தம், மூச்சு முட்டுகிற சத்தம், உயரத்திலிருந்து கீழே போகிற சத்தம், அதற்கு டப்பிங்கில் ரியாக்‌ஷன் என்று பெயர். அன்றைக்கெல்லாம் ஹெப்சி வீட்டுக்கு வந்தால் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளித்துவிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டாள், சைகைதான். ஆஸ்பத்திரியில், அந்த மழைக்கால டெங்குவில், நர்ஸ் அவள் கையில் நரம்பு கிடைக்காமல் ஊசியைத் திருப்பித் திருப்பிக் குத்தினபோது ஹெப்சி ஒரு சத்தம் கொடுத்தாள். சுகிர்தாவுக்கு அது தெரிந்த சத்தம். இரும்பு மனிதர்கள் சுழலியைச் சுவரோடு வைத்து நசுக்குவார்களே, அதே சத்தம், ஒரு துளி கூட வித்தியாசமில்லை. ‘போதும்க்கா, நடிக்காத’ என்றாள். ஹெப்சி சிரித்தாள். அதற்கப்புறம் வாய்க்குள் குழாய் வைத்துவிட்டார்கள், அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஆக, இப்போது மும்பையில் ஒரு மெஷினுக்குள் அந்த வலி இருக்கிறது, நடித்ததுதான், ஆனால் நடித்ததும் நிஜமும் ஒன்றாகவே இருந்தது என்று தெரிந்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். அந்த மெஷின் எந்தப் பக்கத்திலாவது சுழலிக்கு வலிக்கணும் என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கும். சுழலி காமிக்ஸைப் போனில் திறந்து பக்கத்தைத் தொட்டால் ஹெப்சி குரலில் பேசும், அதுதான் மும்பைக்காரர்கள் திட்டம் என்கிறார் சார். பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டு, மறுபடி மறுபடி, சிரித்துக்கொண்டே, அந்தப் பேச்சுப் பலூனை மட்டும் தொடுவார்கள், பிள்ளைகளுக்கு எப்போதும் அடி வாங்குகிற பலூன்தான் பிடிக்கும். இயர்போன் காதுக்குள் வெறுமனே இருந்தது. வெறுமனே இருந்தாலும் அதில் ஒரு இரைச்சல் இருக்கிறது, சங்கைக் காதில் வைத்த மாதிரி. கழற்ற வேண்டும் என்று தோன்றியது. கழற்றவில்லை.

போன் அதிர்ந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா.

‘ஏளா, எங்க இருக்க?’

‘லைட் ஹவுஸ் தாண்டிட்டேன்மா.’

‘அந்தக் காமிக்ஸ் சாரு எனக்கும் என்னமோ அனுப்பியிருக்காரு. ஹெப்சி பேசுதான்னு போட்டிருக்காரு. என்னதுளா அது?’

அம்மா இந்த ஊருக்கு வந்து சுகிர்தாவின் வயசு ஆகிறது, பேச்சு மட்டும் இன்னும் சாத்தான்குளத்திலேயே இருக்கிறது. சுகிர்தா ஒரு நிமிஷம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ‘அத இப்பத் தொடாத. நான் வந்து சொல்லுதேன்.’

‘வெடிகுண்டா, தொடாதங்க.’

‘அம்மா.’

‘சரி சரி. வாழக்கா கெடக்கு, பஜ்ஜி போடுதேன். வா.’

வைத்துவிட்டாள். அந்த ஆளுக்கு என்ன துணிச்சல். அம்மாவுக்கு அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டாரா, ‘அம்மாவும் நீங்களும்’ என்று எழுதினபோதே அம்மாவுக்கும் போய்விட்டது, இவள் என்னவோ காவல் காக்கிற மாதிரி காலையிலிருந்து போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அலைந்தது தண்டம். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் சௌகரியமாக இருக்கும். சொல்ல முடியவில்லை. ஹெப்சி போன பிறகு டிவியில் சுழலியை நிறுத்தினார்கள், புதுக் குரல் போட்டுப் பார்த்து யாருக்கும் பிடிக்கவில்லை, அதன்பின் அந்தக் கதையைக் காமிக்ஸாக மாசா மாசம் கொண்டுவரலாம் என்று இறங்கியது இந்த மோகனரங்கம் சார்தான், ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஆபீஸ், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அவரும் ஒரு டிசைனரும். வெளிநாட்டிலிருந்து பக்கங்கள் படங்களோடு வரும், பலூன்கள் வெள்ளையாக, காலியாக. அதில் தமிழ் எழுத யாரையோ வைத்து, சுழலி பாடப்புத்தகம் மாதிரிப் பேசினாள் என்று பிள்ளைகள் போன் போட்டுத் திட்டின பிறகு, அவர் சுகிர்தாவைத் தேடி வந்தார். ‘நீங்க அவங்க கூடவே ஸ்டுடியோல உக்காந்து வளர்ந்த பொண்ணாமே. சுழலி எப்படிப் பேசுவான்னு உங்களுக்குத் தெரியும்.’ தெரியும். அதில் இவளுக்குக் கர்வம்கூட இருந்தது. முதல் இதழுக்கு இவள் எழுதிக் கொடுத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: ‘எல்லாம் சரி, ஆனா காமிக்ஸ்ல வாய் அசையாதேம்மா, எதுக்கு எல்லா வாக்கியத்துக்கும் பின்னாடி ஒரு ப்பா, ஒரு ம்மான்னு? லிப்புக்குப் போட்டதுதானே அது?’ வாய் அசையாத படத்தில் வாய் மூடுவதற்காக ஒரு எழுத்து, அதை விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள், தெரியாமலே. எடுக்கட்டுமா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். ‘எடுத்தா அவ இல்ல.’

அவ இல்ல. திருமயிலை வந்தது, ஆட்கள் ஏறினார்கள், பூ வாசனை, வியர்வை, ஒருவன் நின்றபடியே புரோட்டா பார்சலின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சுகிர்தாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டது, புடவை முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும். காலையில் போனில் சார் சொன்னது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. ‘மெஷின் எப்படிம்மா இவ்ளோ அருமையாப் பேசுதுன்னு மும்பைக்காரங்ககிட்டக் கேட்டேன். உங்க வசனத்தாலதானாம். மத்தவங்க எழுதினதக் குடுத்தா பொம்ம மாதிரிப் பேசுதாம். நீங்க எழுதினதக் குடுத்தா அப்படியே மூச்சு விட்டுப் பேசுதாம். அக்கா மூச்சு எங்க நிக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்க அங்கங்க நிறுத்தி எழுதியிருக்கீங்க.’ மாசா மாசம் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காலிப் பலூனைப் பார்த்து, உதட்டுக்குள்ளேயே ஹெப்சி மாதிரி சொல்லிப் பார்த்து, ஹெப்சிக்கு மூச்சு முட்டினால் வாக்கியத்தை வெட்டி, ஹெப்சிக்குச் சிரிப்பு வந்தால் அங்கே ஒரு புள்ளி வைத்து. அது என்னவாம். அவர்கள் செய்வது அநியாயம் என்றால் இது என்ன. செத்தவளைப் பேச வைக்கிறார்கள் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறோமே, மூணு வருஷமாகப் பேச வைத்துக்கொண்டிருப்பது யார். அந்த ஒலித்துண்டில் இருக்கிற வசனம்கூட, சார் எழுதியிருந்தார், போன இதழில் சுழலி மணிக்கூண்டிலிருந்து விழுந்து எழுந்திருக்கும்போது சொல்வது: ‘விழுந்தா என்ன, காத்துக்கு அடி படாதுப்பா.’ ஹெப்சி இதைச் சொன்னதே கிடையாது. இது எழுதப்பட்டபோது ஹெப்சி கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். பேசாதது அவளுக்கு என்றாயே, இது யார் பேசினது, சொல்லு. வாதம் எதிராளி இல்லாமலேயே திரும்பி வந்து இவள் கழுத்தைப் பிடித்தது. இல்லை, இது வேற, எழுத்து வேற, எழுத்தைப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவனவன் மனசுக்குள் அவனவன் சுழலியைக் கேட்டுக்கொள்கிறான், அது யாருடைய தொண்டையும் கிடையாது. நல்ல பதில். செமினாரில் கைதட்டுவார்கள். ஆனால் நீ கேட்டது உன் மனசுக்குள் இருக்கிற சுழலியையா, ஹெப்சியையா. உனக்கு மட்டும் ஒரு மெஷின் இருந்தது, அதை யாரிடமும் கேட்காமல் ஓட்டினாய்.

மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு. அடையாறு விரிந்து, வெயில் அதன் மேல் எண்ணெய் மாதிரி மிதந்தது. ஒரு பயம் இருக்கிறது, அதைக் காலையிலிருந்து வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அறம், உரிமை, பாத்தியதை. குரல் சரியாக வராமல் பொம்மை மாதிரி இருந்துவிடுமோ என்ற பயம் அல்ல. அப்படி இருந்தால் நிம்மதி, தூக்கி எறிந்துவிட்டு ஒரு கட்டுரை எழுதிவிடலாம். சரியாக இருந்துவிட்டால்? சரியாக இருந்தால் என்னென்ன எழுதுவாய். டைப் பண்ணினால் போதும், பேசும் என்கிறார். கோட்டூர்புரம் வருவதற்குள் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள், தடுக்க முடியவில்லை, விரல் இல்லாமலேயே. ‘சுகி, தலைய ஒழுங்கா வாரிட்டுப் போ.’ ‘சுகி, அந்தப் பச்சைச் சுடிதார் என்னோடது, கழட்டு.’ ‘சுகி, நீ அன்னைக்கு நடிக்காதன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்லப்பா.’ கடைசியில் ஒரு ப்பா, வாயை மூட. இதைத்தான், இதையேதான். யாரும் இவளை மன்னிக்கவில்லை, இவளே எழுதி, இவளே அனுப்பி, இவளே கேட்டு, இவளே அழப்போகிறாள், அதற்குப் பெயர் அக்கா. அப்புறம் நாளைக்கு ஒன்று. நாளன்னைக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒன்று. ஹெப்சி ஒரு காலத்திலும் இவளை எதிர்த்துப் பேச மாட்டாள், இவள் எழுதினதை மட்டும் பேசுவாள், இவள் வயசு ஏற ஏற ஹெப்சியும் இவள் மாதிரியே பேசிக்கொண்டு போவாள், ஒரு நாள் பார்த்தால் அறையில் இவள் ஒருத்திதான் இருப்பாள், இரண்டு குரலில். எதிரே தூங்கிக்கொண்டிருந்த பெண்மணி கண்ணைத் திறந்து, ‘என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா’ என்றாள். இயர்போன் போட்டவளிடம்தான் கேட்டாள். ஒண்ணும் இல்லக்கா, வெயில் என்றாள். ‘தண்ணி குடி’ என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தூங்கிப்போனாள். இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று ஒவ்வொன்றாகப் பெரிய பெரிய காலிக் கூடங்கள் வந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் பின்னால் போயின. சாருக்கு ‘வேண்டாம்’ என்று டைப் செய்தாள். அனுப்பவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இனி மிச்சம். அம்மா கேட்டால் சரி என்பாள், சரி என்று சொல்லாமல் எந்த அம்மாவால் இருக்க முடியும். கேட்பதற்கு முன்னால் போய்ப் பேசிவிட வேண்டும். இப்படி ஆரம்பிக்கணும்: அம்மா, அது ஹெப்சி இல்ல. அம்மா, அது ஹெப்சி பேசினத நறுக்கி ஒட்டினது. அம்மா, ஒனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கும், ஆனா.

பெருங்குடியில் இறங்கினதும் குப்பை மேட்டுப் புகை வாசனை மூக்கில் ஏறியது. ஷேர் ஆட்டோவுக்கு நிற்காமல் நடந்தாள், நடக்கும்போது வாதம் நன்றாக ஓடும், ஓடியது, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது, லிப் உட்கார்ந்தது. மாடிப்படி ஏறும்போதே எண்ணெய் வாசனை. அடுக்களையில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாழைக்காய்ச் சீவல்கள் மாவுக்குள் கிடந்தன, வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் மேடை மேல் அம்மாவின் போன் குப்புறக் கிடந்தது. சுழலியின் பழைய எபிசோடுகளை அம்மா அப்படித்தான் கேட்பாள், படத்தைப் பார்க்க மாட்டாள், அந்தப் பொம்மை மூஞ்சி எவளோடதோ என்பாள், குப்புறப் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். சுகிர்தா வாசலிலேயே நின்றாள்.

‘கேட்டுட்டியாம்மா.’

‘கேட்டேன்.’

‘தொடாதன்னு சொன்னேம்லா.’

‘எம்மவ பேசுதான்னு போட்டிருக்கு. தொடாம என்ன செய்யச் சொல்லுத.’ ஒரு சீவலை எண்ணெயில் விட்டாள். அது அடியில் போய்விட்டு மேலே வந்தது. ‘காத்துக்கு அடி படாதுங்கா. நீதானே எழுதுன?’

‘ஆமா.’

‘நீ எழுதுனா அவ பேசுவாளாம்லா. சாரு சொன்னாரு.’

‘அது அவ இல்லம்மா.’

‘எனக்குத் தெரியாதாளா அது. நான் பெத்தவ.’ அம்மா திரும்பவில்லை. கரண்டியால் சீவலைப் புரட்டினாள். ‘இத்தன நாளும் கேக்கேன், அத்தன எபிசோடும் கேட்டுட்டேன். அந்தக் கதையில அவ ஒரு தரம்கூட அம்மான்னு கூப்பிடல. போலீசக் கூப்பிடுதா, பூனையக் கூப்பிடுதா, எவன் எவனையோ கூப்பிடுதா. அம்மான்னு ஒரு சொல்லு இல்ல.’

‘சுழலிக்கு அம்மா கெடையாதும்மா. கதையே அப்படித்தான்.’

‘அவளுக்குக் கெடையாது. இவளுக்கு இருக்கேம்லா.’

சுகிர்தாவின் வாய்க்குள் தயாராக இருந்த எதுவும் இதற்காகச் செய்தது அல்ல. சேப்பாக்கத்திலிருந்து பெருங்குடி வரை அடுக்கி அடுக்கிக் கொண்டுவந்ததெல்லாம் வேறு யாரோ கேட்கப்போகிற கேள்விக்கு.

‘ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடு’ என்றாள் அம்மா. ‘அம்மான்னு. அத மட்டும் பேசி அனுப்பச் சொல்லு. அப்பறம் வேண்டாம்னு சொல்லிரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.’

எழுதலாம். ஒரு சொல். அனுப்பினால் ராத்திரிக்குள் வந்துவிடும். மூணு வருஷப் பழக்கம் வேலை செய்தது, மனசு அதுபாட்டுக்கு அக்காவை மைக் முன்னால் நிறுத்திவிட்டது, வெறுங்காலோடு. வெறும் சொல்லை மட்டும் எழுதிக் கொடுத்தால் யாராலும் பேச முடியாது, எப்படி என்று பக்கத்தில் குறிக்கணும், கோபமா, கெஞ்சலா, தூரத்திலிருந்தா. சுகிர்தா கேட்டுவிட்டாள், கேட்கும்போது அவள் குரல் ஸ்டுடியோவில் கேட்கிற மாதிரியே இருந்தது:

‘எப்படிக் கூப்பிடணும்மா?’

அம்மா கரண்டியை நிறுத்தினாள். பஜ்ஜி ஒன்று சிவந்து கறுக்க ஆரம்பித்தது, அவள் எடுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்து, எங்கேயோ தேடுகிறவளாக நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.

‘எம்மோ...’

கீழ்ப்படியிலிருந்து எறிகிற கூப்பாடு, செருப்பை உதறிக்கொண்டே, பசியோடு, பாதிக்கு மேல் எரிச்சல், கடைசியில் ஒரு இழுப்பு, பதில் வரும்வரை இழுத்துக்கொண்டே ஏறுகிற இழுப்பு. எந்த மைக்குக்கும் ஹெப்சி அப்படிக் கூப்பிட்டதில்லை, மைக்குக்கு அவள் சாத்தான்குளத்தைக் கொடுத்ததே இல்லை. அறுபதை நெருங்குகிற தொண்டை, கரகரத்த குரல், ஆனால் அந்த இழுப்பு அப்படியே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டது அம்மாதான். கூப்பிட்டுவிட்டு, ‘இந்தா’ என்று பதில் சொல்லவும் வாய் போனது, பாதியில் நின்றது. சுகிர்தா திரும்பிப் படியைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. படியில் கீழ்வீட்டுக்காரர்களின் ஒரு ஜோடிச் செருப்பும் சாயந்திர வெளிச்சமும் இருந்தன.

அம்மா அடுப்பை அணைத்தாள். கரிந்ததை எடுத்துத் தட்டின் ஓரம் போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையைத் துடைக்கிற மாதிரிதான்.

‘வேண்டாம்னு அனுப்பிரு’ என்றாள்.

சுகிர்தா போனை எடுத்தாள். தரமணியில் டைப் செய்து வைத்தது அப்படியே இருந்தது. அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்தது. அதற்கு மேலே அந்த ஒலித்துண்டு பச்சைப் புள்ளியோடு அப்படியே கிடந்தது. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய விரலோ மாதிரி.

‘நீ கேட்டியா?’ என்றாள் அம்மா.

‘இல்ல.’

‘கேக்காத.’

‘ஏம்மா, நல்லா இல்லையா?’

அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். கரியாத பஜ்ஜிகளைப் பார்த்துப் பொறுக்கி இவள் பக்கம் தள்ளினாள்.

‘நல்லா இருக்குளா’ என்றாள். ‘அவளேதான்.’